ஷைலாக் வில்லனா, பலியாளா? நாடகத்தைக் கையில் வைத்துக்கொண்டே முடிவு செய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

ஷேக்ஸ்பியர் நாடகத்தில் வரும் யூத வட்டிக்காரன் ஷைலாக் நம்மில் பலருக்கு அறிமுகமானது பள்ளிக்கூட ஆங்கிலப் பாடத்தில்தான். செருப்பின் அடியில் கத்தி தீட்டும் ஒரு கிழவன். ‘சதையை எடுத்துக்கொள், ஆனால் ஒரு சொட்டு ரத்தம் சிந்தக்கூடாது’ என்று மடக்கும் ஒரு கெட்டிக்காரப் பெண். அவ்வளவுதான், மணி அடித்துவிடும். பல வருஷம் கழித்து எங்கோ ‘யூதனுக்குக் கண் இல்லையா?’ என்ற பேச்சைக் கேட்டு, ஐயோ பாவம் என்று கட்சி மாறியிருப்போம். முதலில் படித்தது கடைசிக் காட்சியின் பாதி. பிறகு கேட்டது நடுக்காட்சியின் பாதி. இரண்டு பாதிகளை ஒட்டினால் முழு மனிதன் கிடைத்துவிட மாட்டான்.

ஷேக்ஸ்பியரின் ‘வெனிஸ் வணிகன்’ நாடகத்தை எடுத்து உட்கார்ந்து நீங்களே தீர்ப்பு எழுத ஒரு வழிமுறை இது. தேர்வுக்குக் கட்டுரை எழுதுபவருக்கும், நாடகத்தை மேடையேற்றப் போகிறவருக்கும், சும்மா சண்டை போடப் பிடித்தவருக்கும் பயன்படும். மூலம் கடினமாக இருந்தால் உரையோடு கூடிய பதிப்பு போதும். கதைச்சுருக்கம் மட்டும் வேண்டாம். இந்த வழக்கில் சாட்சியம் முழுக்க வசனத்தில்தான் இருக்கிறது.

முதல் வேலை: அவன் வரும் காட்சிகளைத் தனியாகப் பிரித்தெடுங்கள்

நாடகத்தில் மொத்தம் 20 காட்சிகள். ஷைலாக் மேடைக்கு வருவது ஐந்தில் மட்டும்: முதல் அங்கம் 3-ஆம் காட்சி, இரண்டாம் அங்கம் 5, மூன்றாம் அங்கம் 1 மற்றும் 3, நான்காம் அங்கம் 1. தலைப்பில் இருக்கும் வணிகன்கூட அவன் இல்லை, அந்தோனியோதான். இருந்தும் நானூறு ஆண்டுகளாக இந்த நாடகம் அவன் நாடகமாகத்தான் பேசப்படுகிறது.

ஐந்தையும் ஒருமுறை தொடர்ந்து படித்துவிட்டு, இரண்டாம் முறை பென்சிலோடு படியுங்கள். மூன்று விதமான குறி போட வேண்டும். நம் கண் முன்னால் அவன் செய்வதும் சொல்வதும் ஒன்று. யாருக்கும் கேட்காமல் தனக்குள் பேசுவது இரண்டாவது. அவனைப் பற்றி மற்றவர்கள் சொல்வது மூன்றாவது. இந்த மூன்றாவதுதான் ஆபத்தானது. மகள் ஓடிப்போன பிறகு ஷைலாக் தெருவில் ‘என் மகளே! என் டக்கட்டே! என் மகளே!’ என்று கத்திக்கொண்டு ஓடினான் (டக்கட் என்பது வெனிஸின் தங்கக் காசு) என்பது எல்லோருக்கும் நினைவிருக்கும். பணமும் பிள்ளையும் ஒன்று என்று நினைத்தவன் என்பதற்கு அதைத்தான் ஆதாரமாகக் காட்டுவார்கள். ஆனால் அதை நாம் பார்ப்பதே இல்லை. அவனைக் கேலி செய்யும் சொலானியோ நடித்துக் காட்டுகிறான், நண்பன் கேட்டுச் சிரிக்கிறான். எதிராளி வாயிலிருந்து வந்த சாட்சியத்துக்கு எவ்வளவு மதிப்பு கொடுப்பீர்களோ அவ்வளவு மட்டும் கொடுங்கள்.

கூடவே ஒரு சின்னக் கணக்கு. அவனை ‘ஷைலாக்’ என்று பெயர் சொல்லிக் கூப்பிடுவது எத்தனை முறை, ‘யூதன்’ என்பது எத்தனை முறை என்று எண்ணிப் பாருங்கள். 1600-இல் அச்சான முதல் பதிப்பில், வசனத்துக்கு முன்னால் பேசுபவர் பெயர் போடும் இடத்திலேயே சில இடத்தில் ‘ஷைலாக்’ என்றும் சில இடத்தில் ‘யூதன்’ என்றும் மாறி மாறி இருக்கும். அந்தப் பதிப்பின் முகப்புப் பக்கமோ யூதன் ஷைலாக்கின் ‘அதீதக் கொடூரம்’ என்று கூவி விற்றது. வாசகன் நாடகத்தைத் திறப்பதற்கு முன்பே தீர்ப்பு அட்டையில் ஒட்டியிருக்கிறது.

இரண்டாவது: பத்திரம் எழுதும் காட்சியை மெதுவாகப் படியுங்கள்

பசானியோவுக்குப் பணம் வேண்டும். நண்பன் அந்தோனியோ ஜாமீன் நிற்கிறான். 3000 டக்கட், மூன்று மாதக் கெடு. அந்தோனியோ உள்ளே வந்ததும் ஷைலாக் தனக்குள் பேசுகிறான். அவன் கிறிஸ்தவன் என்பதால் வெறுக்கிறேன். அதைவிட, வட்டியில்லாமல் கடன் கொடுத்து வெனிஸில் எங்கள் வட்டியையே இறக்கிவிடுகிறான் என்பதால் வெறுக்கிறேன். ஒருமுறை பிடி கிடைத்தால் போதும், பழைய பகைக்குத் தீனி போடுவேன் என்கிறான். தனக்குள் பேசும்போது ஒருவன் பொய் சொல்வதில்லை என்பது மேடை மரபு. ஆகவே ஷைலாக் பக்கம் வாதாட விரும்புகிறவர்கள் இந்த வரிகளை மறைக்கக் கூடாது. மகள் இன்னும் ஓடவில்லை. நகை போகவில்லை. வெறுப்பு ஏற்கனவே இருக்கிறது, அதில் பாதி வியாபாரப் போட்டி.

அடுத்த பக்கத்திலேயே தராசு ஆடுகிறது. சந்தையில் என்னை நாய் என்றாய், என் அங்கியில் காறி உமிழ்ந்தாய், இன்று பணம் கேட்டு வந்திருக்கிறாய், நாயிடம் பணம் இருக்குமா என்று ஷைலாக் கேட்கிறான். அந்தோனியோ மறுக்கலாம், வருந்தலாம். இரண்டும் செய்யவில்லை. இனியும் அப்படியே கூப்பிடுவேன், இனியும் துப்புவேன், உதைப்பேன், நண்பனுக்குக் கொடுப்பதாக நினைக்காதே, எதிரிக்குக் கொடுப்பதாக நினைத்துக் கொடு என்கிறான். கடன் கேட்கும் வாயால்! நாடகத்தின் நல்லவன் என்று நமக்குக் காட்டப்படுபவன் இவன்தான். அவமதிப்பு நடந்ததற்குச் செய்தவனே ஒப்புதல் வாக்குமூலம் கொடுத்துவிட்டதால் வேறு சாட்சி தேவையில்லை.

நமக்கென்று ஒரு எச்சரிக்கை. தமிழில் ஷைலாக் என்றால் கந்துவட்டிக்காரனுக்கு மறுபெயர். மேடைப்பேச்சிலும் தலையங்கத்திலும் அப்படிப் புழங்கிவிட்டது. அந்தப் படத்தோடு நாடகத்துக்குள் போனால் சறுக்கும், ஏனென்றால் இந்தக் கடனுக்கு வட்டியே இல்லை. ஒரு காசுகூட வட்டி வேண்டாம், கெடு தவறினால் வேடிக்கைக்காக உன் உடம்பில் ஒரு ராத்தல் சதை என்று எழுதிக்கொள்வோம் என்கிறான் ஷைலாக். வட்டிக்கு ஆசைப்பட்டிருந்தால் இந்தக் கதையே நடந்திருக்காது.

அது வேடிக்கையா, வலையா? அந்தோனியோவின் கப்பல்கள் பல திசைகளில் போயிருக்கின்றன, கெடுவுக்கு ஒரு மாதம் முன்பே திரும்பிவிடும் என்று அவனே சொல்கிறான். எல்லாம் ஒன்றாக மூழ்கும் என்று யாரும் திட்டம் போட முடியாது. ஆனால் ‘பிடி கிடைத்தால்’ என்ற வார்த்தையையும் அழிக்க முடியாது. என் கணிப்பில் வலை விரித்தது உண்மை, மீன் விழும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். இந்தக் காட்சியில் சதை ‘உன் உடம்பில் எனக்குப் பிடித்த பாகத்தில்’. நீதிமன்றத்துக்கு வரும்போது அதுவே ‘இதயத்துக்குப் பக்கத்தில்’ என்றாகி, பத்திரத்தில் அப்படித்தான் இருக்கிறது என்று ஷைலாக் குதிக்கிறான். வழக்கறிஞர் யாராவது படித்தால் இங்கே பென்சில் நிற்கும்.

மூன்றாவது: வரலாறு வேண்டும், கொஞ்சம்தான்

இங்கிலாந்து தன் யூதர்களை 1290-இல் முதலாம் எட்வர்ட் காலத்தில் வெளியேற்றிவிட்டது. ஷேக்ஸ்பியர் இந்த நாடகத்தை எழுதிய 1596–97 வாக்கில், வெளிப்படையாக யூதராக வாழ அங்கே சட்டப்படி இடமில்லை. அவருடைய ரசிகர்களில் பெரும்பாலோர் யூதரைக் கண்டது கதையிலும் மேடையிலும்தான். அதே காலத்து நாடகாசிரியர் மார்லோவின் ‘மால்டா யூதன்’ அப்போது நன்றாக ஓடிய நாடகம். 1594-இல் எலிசபெத் ராணியின் மருத்துவர், யூத வம்சாவளிப் போர்த்துக்கீசியரான ரொட்ரிகோ லோபஸ், ராணிக்கு விஷம் வைக்கச் சதி செய்ததாகக் குற்றம்சாட்டப்பட்டுத் தூக்கிலிடப்பட்டார். அந்தச் சூடு ஆறுவதற்குள் இந்த நாடகம் வந்தது.

வெனிஸ் கதை வேறு. அங்கே 1516-இல் யூதர்களை நகரின் ஒரு மூலையில் ஒதுக்கினார்கள். இரவில் வாசலைப் பூட்டிக் காவல் போடுவார்கள், காவலாளிக் கூலியும் யூதர்கள் தலையிலேயே. ‘கெட்டோ’ என்ற சொல்லே அந்த இடத்திலிருந்து வந்ததுதான். வெளியே நடமாட அடையாளத் துணியோ தொப்பியோ கட்டாயம். பெரும்பாலான தொழில்கள் மூடப்பட்டிருந்தன. கிறிஸ்தவர் கிறிஸ்தவருக்கு வட்டிக்குக் கொடுப்பது பாவம் என்று திருச்சபை சொன்னதால், கடன் கொடுக்கும் வேலையை யூதருக்கு ஒதுக்கிவிட்டு, அதைச் செய்கிறான் என்று அவனையே ஏசினார்கள். பாவமென்று சொன்னவர்கள் எல்லோரும் அதன்படி நடந்தார்கள் என்றும் இல்லை. அதிக வட்டி வாங்கியதாக 1570-இல் இங்கிலாந்தில் குற்றம்சாட்டப்பட்டவர்களில் ஷேக்ஸ்பியரின் அப்பா ஜானும் ஒருவர்.

இந்தப் படியில் அரை மணி நேரத்துக்கு மேல் செலவிட வேண்டாம். கெட்டோ என்ற சொல் நாடகத்தில் வருவதே இல்லை. வரலாறு, ஷைலாக் நிற்கும் தரை எவ்வளவு சரிவானது என்று காட்டும். கத்தியை யார் கையில் எடுத்தது என்பதற்கு அது பதில் சொல்லாது.

நான்காவது: எப்போது முடிவெடுத்தான்?

என்னைக் கேட்டால் முழு வழக்கும் மூன்றாம் அங்கம் முதல் காட்சியில் இருக்கிறது. நேரம் இருப்பவர்கள் இதை மட்டுமாவது மூன்று முறை படியுங்கள்.

அதற்கு முன் நடந்தது இது. ஷைலாக்கை வேண்டா வெறுப்பாக விருந்துக்கு அழைத்த அதே இரவில் மகள் ஜெசிகா, லொரென்சோ என்ற கிறிஸ்தவனோடு, பெட்டி நிறையப் பணமும் நகையும் எடுத்துக்கொண்டு ஓடிவிடுகிறாள். ஓடத் துணை நின்றது அந்தோனியோவின் நட்பு வட்டம். வீட்டில் அவளுக்கு மூச்சு முட்டியது என்பதையும் நாடகம் மறைக்கவில்லை. ‘நம் வீடு நரகம்’ என்று அவளே வேலைக்காரனிடம் சொல்கிறாள். ஷைலாக் நல்ல அப்பா இல்லை.

இப்போது காட்சிக்கு வாருங்கள். தெருவில் இரண்டு பேர் அவன் மகளைச் சொல்லிக் கிண்டல் செய்கிறார்கள். அவன் உடைந்து பேசும் பேச்சுதான் அந்தப் புகழ்பெற்ற பேச்சு. யூதனுக்குக் கண் இல்லையா, கை இல்லையா, நீங்கள் தின்னும் அதே சோறு தின்று, அதே ஆயுதத்தால் காயம்பட்டு, அதே குளிரிலும் வெயிலிலும் வாழ்பவன் இல்லையா, குத்தினால் ரத்தம் வராதா? சுவரொட்டியிலும் பொதுக்கூட்டத்திலும் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தாதீர்கள். அடுத்த வரி, ‘அநியாயம் செய்தால் நாங்கள் பழிவாங்க மாட்டோமா?’ என்று போகிறது. முடிவு: நீங்கள் கற்றுக்கொடுத்த கொடுமையையே செய்வேன், கற்றுக்கொடுத்ததைவிட நன்றாகவே செய்வேன். எல்லோரும் மனிதர் என்பதில் தொடங்கி, ஆகவே நானும் உங்களைப்போல் கொல்லலாம் என்பதில் முடிகிறது பேச்சு. முதல் பாதியை மட்டும் மேற்கோள் காட்டுகிறவர் அவனைப் புனிதராக்குகிறார், கடைசி வரியை மட்டும் பிடிப்பவர் பேயாக்குகிறார்.

பிறகு ஷைலாக்கின் யூத நண்பன் டூபல் வருகிறான். இவன் மாறி மாறி இரண்டு செய்தி சொல்கிறான்: மகள் செலவழிக்கிறாள், அந்தோனியோவின் கப்பல் உடைந்தது. ஜெனோவாவில் ஒரே இரவில் 80 டக்கட். ஷைலாக் துடிக்கிறான். அந்தோனியோ அழிந்தான். துள்ளுகிறான். மகள் என் காலடியில் செத்துக் கிடக்க வேண்டும், நகைகள் அவள் காதில் இருக்க வேண்டும் என்று ஒரு வரி. இதைப் பூசி மெழுக வழியில்லை. உடனே இன்னொன்று வருகிறது. ஒரு குரங்குக்கு ஜெசிகா ஒரு மோதிரத்தை மாற்றிக்கொண்டாளாம். ‘அது என் நீலப் பச்சைக்கல் மோதிரம். கல்யாணத்துக்கு முன் லேயா எனக்குக் கொடுத்தது. காடு நிறையக் குரங்கு கொடுத்தாலும் அதைக் கொடுத்திருக்க மாட்டேன்.’ மனைவியின் பெயர் நாடகம் முழுவதிலும் இந்த ஒரே இடத்தில்தான். எல்லாவற்றுக்கும் விலை போடுகிறவன் என்று பெயர் வாங்கியவன் விலை போட மறுக்கும் ஒரே பொருள் அது. நாடகக் கடைசியில் பசானியோவும் அவன் நண்பன் கிரேஷியானோவும் மனைவிகள் கொடுத்த மோதிரத்தைச் சுலபமாகக் கழற்றிக் கொடுத்துவிடுகிறார்கள், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மோதிரத்தைக் கேட்ட சில வரிகளுக்குள் ஷைலாக் டூபலிடம், இரண்டு வாரம் முன்னதாகவே காவல் அதிகாரியை அமர்த்து, தவறினால் அவன் இதயத்தை எடுப்பேன், அவன் வெனிஸில் இல்லாவிட்டால் நான் இஷ்டப்படி வியாபாரம் செய்யலாம் என்கிறான். துக்கம், வஞ்சம், லாபக் கணக்கு மூன்றும் ஒரே மூச்சில். வேடிக்கைப் பத்திரம் கொலைப் பத்திரமாவது இங்கேதான் என்பது என் வாசிப்பு.

இதற்கு எதிராக ஒரு சாட்சி உண்டு. அடுத்த காட்சியிலேயே இருக்கிறது. நான் வீட்டில் இருந்தபோதே, கடனைப்போல் இருபது மடங்கு கொடுத்தாலும் வேண்டாம், அந்தோனியோவின் சதைதான் வேண்டும் என்று அப்பா சத்தியம் செய்ததைக் கேட்டேன் என்கிறாள் ஜெசிகா. அது உண்மையானால் அவள் ஓடும் முன்பே அவன் முடிவெடுத்துவிட்டான், என் வாசிப்பு விழுந்துவிடும். ஆனால் சொல்பவள், அப்பாவின் பணத்தோடு ஓடிவந்து புது உறவுகளின் நடுவே இடம் தேடி நிற்கும் பெண். நம்புவதா வேண்டாமா என்று நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் முழுத் தீர்ப்பும் இந்த ஒரு முடிச்சில் தொங்கும்.

ஐந்தாவது: பழைய கதையோடு வைத்துப் பாருங்கள்

சதைப் பத்திரக் கதை ஷேக்ஸ்பியர் கற்பனை இல்லை. 1558-இல் அச்சான ‘இல் பெக்கொரோனே’ என்ற இத்தாலியக் கதைத்தொகுப்பில் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. அதில் யூதனுக்கு மகள் இல்லை. தோற்றதும் பத்திரத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுப் போகிறான், மதம் மாற்றவும் இல்லை. ஓடிப்போகும் மகளும் கட்டாய மதமாற்றமும் ஷேக்ஸ்பியர் சேர்த்தவை. வெறும் பூச்சாண்டி போதும் என்று நினைக்கிற எழுத்தாளர் அவனுக்கு இழப்பதற்கு இவ்வளவு கொடுக்க மாட்டார்.

ஆறாவது: நீதிமன்றத்தை இரண்டாக வெட்டுங்கள்

‘ரத்தம்’ என்ற சொல் விழும் வரை ஒரு பாதி, அதற்குப் பின் மறு பாதி. இரண்டுக்கும் தனித்தனித் தீர்ப்பு எழுதுங்கள். பலர் தடுமாறுவது இரண்டையும் கூட்டி வகுப்பதால்தான்.

முதல் பாதியில் எல்லாக் கதவும் ஷைலாக்குக்குத் திறந்திருக்கிறது. பசானியோ இரட்டிப்பாக 6000 டக்கட் நீட்டுகிறான். ஆண்வேடத்தில் சட்ட அறிஞராக வந்திருக்கும் பசானியோவின் மனைவி போர்ஷியா மூன்று மடங்கு வாங்கிக்கொள் என்கிறாள், கருணை மழைபோல் இறங்குவது என்று கெஞ்சுகிறாள். ரத்தம் கசிந்து சாகாமல் இருக்க ஒரு வைத்தியரையாவது கூப்பிடு என்கிறாள். ‘பத்திரத்தில் அப்படி எழுதியிருக்கிறதா?’ என்று கேட்கிறான். தராசு மட்டும் தயாராகக் கொண்டு வந்திருக்கிறான். இந்தப் பாதியில் அவன் வில்லன். கண்ணீரும் மோதிரமும் இதைக் கழுவாது.

ஆனாலும் நடுவில் ஒரு வாதம் வைக்கிறான், யாரும் பதில் சொல்வதில்லை. நீங்கள் அடிமைகளை விலைக்கு வாங்கி வைத்திருக்கிறீர்கள், கழுதைபோல் வேலை வாங்குகிறீர்கள். அவர்களை விடுதலை செய்யுங்கள், உங்கள் பிள்ளைகளுக்குக் கட்டிவையுங்கள் என்று நான் சொன்னால், ‘அடிமைகள் எங்கள் சொத்து’ என்பீர்கள். இந்தச் சதையும் நான் விலைக்கு வாங்கியது. வாதம் கொடூரமானது, அதேசமயம் அந்த மன்றத்துக்கு முகம் காட்டும் கண்ணாடி. வெனிஸை ஆளும் டியூக் அதற்குப் பதில் சொல்லாமல் வேறு பேச்சுக்குப் போகிறார்.

இரண்டாம் பாதியில் கதவுகள் ஒவ்வொன்றாக மூடுகின்றன. சதை உண்டு, ரத்தம் இல்லை. சரி, மூன்று மடங்கு கொடுங்கள் என்றால் கிடையாது. அசலையாவது கொடுங்கள், போகிறேன் என்றால் அதுவும் கிடையாது. பிறகுதான், வழக்கு ஏறக்குறைய முடிந்தபின், போர்ஷியா இன்னொரு சட்டத்தை எடுக்கிறாள்: குடிமகன் ஒருவனின் உயிருக்கு அந்நியன் குறிவைத்தால், சொத்தில் பாதி பாதிக்கப்பட்டவனுக்கு, பாதி அரசுக்கு, உயிர் டியூக்கின் கையில். வெனிஸில் பிழைக்கும் யூதன் சட்டப்படி அந்நியன். அந்தச் சட்டம் முதலிலேயே இருந்தது என்றால் இவ்வளவு நேரம் ஏன் கெஞ்சினார்கள்? ஜெர்மானியச் சட்ட அறிஞர் ருடால்ஃப் ஃபான் யேரிங் 1872-இல் இந்தத் தீர்ப்பை மட்டமான தந்திரம் என்றே வாதிட்டார். பத்திரம் செல்லாது என்றால் முதலிலேயே செல்லாது என்றிருக்க வேண்டும், செல்லும் என்று சொல்லிவிட்டு ரத்தத்தைக் காட்டி மறித்தது ஏமாற்று என்பது அவர் கட்சி.

கடைசியில் அந்தோனியோ காட்டும் ‘கருணை’யைக் கவனியுங்கள். ஷைலாக் கிறிஸ்தவனாக வேண்டும். சாகும்போது சொத்து முழுவதையும் மகளுக்கும் மருமகனுக்கும் எழுதிவைக்க வேண்டும். அந்தக் கால ரசிகரில் பலர் இதை ஆன்ம ரட்சிப்பாகவே கேட்டிருப்பார்கள். ஷைலாக் எப்படிக் கேட்டிருப்பான்? பிழைக்கும் வழியை எடுத்தால் உயிரை எடுத்ததுபோல்தான் என்று சற்றுமுன் சொன்னவன் அவன். கிறிஸ்தவனானால் பழைய தொழில் இல்லை, தொழுகைக்கூடம் இல்லை, டூபல் இல்லை. இந்தப் பாதியில் அவன் பலியாள். முதல் பாதியில் செய்தது இதை நியாயமாக்காது, இது அதை மன்னிக்கவும் செய்யாது.

2016-இல் வெனிஸ் கெட்டோவின் ஐந்நூறாவது ஆண்டில் நாடகத்தை அங்கேயே நடித்து, கூடவே ஷைலாக்கின் மேல்முறையீட்டையும் விளையாட்டாக விசாரித்தார்கள். தலைமை அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க். சதை கிடையாது, ஆனால் 3000 டக்கட் அசலைத் திருப்பிக் கொடு, மதமாற்றம் செல்லாது என்று தீர்ப்பு. போர்ஷியாவைப் போய்ச் சட்டம் படிக்கச் சொன்னார்கள், அது எனக்கு ரொம்பப் பிடித்தது.

ஏழாவது: நடிகர்கள் என்ன செய்தார்கள் என்று பாருங்கள்

18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஷைலாக் கோமாளி வேடம். 1741-இல் சார்லஸ் மேக்ளின் அவனை அஞ்சவைக்கும் மனிதனாக்கினார். 1814-இல் எட்மண்ட் கீன் வழக்கமான சிவப்புத் தாடியைத் தூக்கிப்போட்டுக் கறுப்புத் தாடியோடு வந்து பரிவு வாங்கினார். 1879-இல் ஹென்றி இர்விங் ஒரு மௌனக் காட்சியைச் சேர்த்தார்: மகள் ஓடியது தெரியாமல் ஷைலாக் விளக்கோடு வீடு திரும்பி, காலி வீட்டின் கதவைத் தட்டுகிறான். மூலத்தில் இல்லாத அந்தத் தட்டல் ரசிகரை அவன் பக்கம் திருப்பியது. ஜேக்கப் ஆட்லர் 1903-இல் நியூயார்க்கில் மற்றவர்கள் ஆங்கிலத்தில் பேச, தான் மட்டும் கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் இட்டிஷ் மொழியில் பேசி நடித்தார். 1943-இல் நாஜிக்கள் கையிலிருந்த வியன்னாவில் வெர்னர் கிராஸ் அருவருப்பூட்டும் பூச்சாண்டியாக நடித்தார். அதே வரிகள்தான். தமிழுக்கும் இந்த நாடகம் பழைய விருந்தாளி, பம்மல் சம்பந்த முதலியார் ‘வாணீபுர வணிகன்’ என்று தழுவினார்.

நீங்கள் பார்க்கும் படமோ நாடகமோ எதுவானாலும், எந்த வரியை வெட்டினார்கள் என்று மூலத்தோடு ஒப்பிடுங்கள். ‘கிறிஸ்தவன் என்பதால் வெறுக்கிறேன்’ போயிருந்தால் இயக்குநர் ஷைலாக் கட்சி. ‘இனியும் துப்புவேன்’ போயிருந்தால் அந்தோனியோ கட்சி.

எட்டாவது: தீர்ப்பை எழுதும்போது

‘வில்லன்’, ‘பலியாள்’ என்ற இரண்டில் ஒன்றை எழுதி அடிக்கோடு போடாதீர்கள். ‘இரண்டும் கலந்தவன்’ என்றும் எழுதாதீர்கள், அது பதில் தெரியாதவர் எழுதுவது. எந்தக் காட்சியில், எந்த வரியிலிருந்து, யாருக்கு எதிரே என்று எழுதுங்கள். என் தீர்ப்பு இப்படி: டூபல் வரும் வரை அவன் காயம்பட்ட, கசந்த மனிதன். டூபல் போகும்போது கொலைக்குத் துணிந்தவன், அது அவனே எடுத்த முடிவு. ரத்தம் என்ற சொல்லுக்குப் பின், தன்னைச் சட்டமென்று சொல்லிக்கொள்ளும் ஒரு கூட்டத்தின் கையில் அகப்பட்டவன். நீங்கள் ஜெசிகாவை நம்பினால் நடுவரி மாறும், மாற்றிக்கொள்ளுங்கள்.

எழுதி முடிக்கும் முன் கடைசியாக ஒரு காட்சி பாக்கி இருக்கிறது. நான்காம் அங்கம் 2-ஆம் காட்சி, சுமார் இருபது வரி, பெரும்பாலோர் புரட்டிவிட்டுப் போவது. மன்றத்தில் ‘எனக்கு உடம்பு சரியில்லை, சொத்தை எழுதித்தரும் பத்திரத்தைப் பின்னால் அனுப்புங்கள், கையெழுத்துப் போடுகிறேன்’ என்று சொல்லிவிட்டு ஷைலாக் போய்விட்டான். இந்தக் காட்சியில் போர்ஷியா, அந்த யூதனின் வீட்டைத் தேடிப் போய் இதில் கையெழுத்து வாங்கு என்று தன் தோழி நெரிஸாவை அனுப்புகிறாள். ஐந்தாம் அங்கத்தில், நிலா வெளிச்சத்தில், நெரிஸா அந்தப் பத்திரத்தை லொரென்சோ கையில் கொடுக்கிறாள். பசித்தவர் வழியில் வானத்து மன்னா (பைபிளில் கடவுள் பொழிந்த உணவு) பொழிகிறீர்கள் என்று லொரென்சோ மகிழ்கிறான். ஆகவே இடையில் யாரோ அந்த வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார்கள், அவன் திறந்திருக்கிறான், கையெழுத்துப் போட்டிருக்கிறான். ஷேக்ஸ்பியர் அதை எழுதவில்லை. பக்கத்தில் நின்ற ஜெசிகா அதன்பின் நாடகம் முடியும் வரை ஒரு வார்த்தை பேசுவதில்லை.